தேவன் உங்களுக்கென்று வைத்திருக்கும் வேலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில், உங்களைக் குறித்த என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11 வந்துவிட்டால் பலருக்கு அந்த வருஷத்துக் கவலையே தீர்ந்த மாதிரி. அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே போய்ப் படியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று 5 முதல் 7 வரையுள்ள வசனங்கள் சொல்கின்றன. ஊர் திரும்ப 70 வருஷம் ஆகும் என்கிறது 10-ஆம் வசனம். அதற்குப் பிறகுதான் 11 வருகிறது. தேவ சித்தத்தைத் தேடுகிறவர் பின்பற்ற வேண்டிய வரிசையும் இதுவே. இருக்கிற இடத்தில் இருக்கிற வேலைதான் முதலில்.

சொல்லிவிட்டதை முதலில் செய்யுங்கள்

சில காரியங்களை வேதம் ஒளிவுமறைவில்லாமல் ‘தேவனுடைய சித்தம்’ என்றே சொல்கிறது. பரிசுத்தம் (1 தெசலோனிக்கேயர் 4:3), எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்வது (5:18) ஆகியவை அப்படிப்பட்டவை. நியாயம், இரக்கம், மனத்தாழ்மை ஆகிய மூன்றையும் கர்த்தர் கேட்கிறார் என்கிறது மீகா 6:8. முதல் வாரம் முழுக்க இந்த மூன்று பகுதிகளையும் எபேசியர் 2:10-ஐயும் மட்டும் வாசியுங்கள். காலையில் 20 நிமிஷம் போதும்: பத்து நிமிஷம் வாசிக்க, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார, ஐந்து நிமிஷம் எழுத. எழுதுவது ஒரே ஒரு வரி, அதுவும் அன்றைக்கே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். திருப்பித் தராத கடன், சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணன், கூலி பாக்கி வைத்த வேலைக்காரர் என்று ஏதாவது ஒன்று நிச்சயம் வரும். அதைத் தாண்டிப் போய் ‘என் வாழ்க்கைக்கு உம்முடைய திட்டம் என்ன ஆண்டவரே’ என்று கேட்பவர்களுக்கு ஜெபம் வறண்டுபோவதில் ஆச்சரியமில்லை.

உபவாசம் இருப்பதானால் வாரத்தில் ஒரு வேளை போதும். சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இருக்க வேண்டாம்.

28 நாள் நோட்டு

இரண்டாம் வாரத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி மூன்று பத்தி கோடு போடுங்கள். இன்று யாருக்காக என்ன செய்தேன், அதனால் அவருக்கு என்ன ஆயிற்று, செய்து முடித்தபோது எனக்குத் தெம்பா களைப்பா. 28 நாள் எழுதிய பிறகு, திரும்பத் திரும்ப வருகிறவற்றை வட்டமிடுங்கள்.

மூன்றாவது பத்தியை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். மேடையில் மைக் பிடித்தால் யாருக்கும் தெம்பு வரும். இரண்டாவது பத்திதான் கனமானது. நீங்கள் ஆறுதல் சொன்ன பிறகு அந்த விதவைத் தாயார் ஒரு வாய் சாப்பிட்டாரா? நீங்கள் கணக்குச் சொல்லிக்கொடுத்த பையன் அடுத்த கணக்கைத் தானே போட்டானா? பலன் அடுத்தவரிடம் தெரிய வேண்டும். 1 பேதுரு 4:10 வரத்தை ‘ஒருவருக்கொருவர் உதவிசெய்ய’க் கொடுக்கப்பட்டதாகத்தான் சொல்கிறது.

ரோமர் 12:6-8-இல் ஏழு வரங்கள், 1 கொரிந்தியர் 12:8-10-இல் ஒன்பது. இரண்டு பட்டியலும் ஒத்துப்போவதில்லை. ஆகவே எதையும் முழுப் பட்டியலாக எடுத்துக்கொண்டு ‘இதில் நான் எது’ என்று தேட வேண்டாம். வரங்களைக் கண்டறியும் கேள்வித்தாள்களிலும் இதே குறை உண்டு. நாம் எப்படி இருக்க ஆசைப்படுகிறோமோ அப்படித்தான் பதில் எழுதுவோம். பேச்சைத் தொடங்கிவைக்க அவை உதவும், முடிவெடுக்க உதவாது.

பிரசங்கம், பாட்டு, ஜெபம் இந்த மூன்றில் எதுவும் வராதவர்கள் தங்களுக்கு வரமே இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். யாத்திராகமம் 31-இல் கர்த்தர் தம்முடைய ஆவியினால் நிரப்பினேன் என்று சொல்வது பெசலெயேல் என்ற கைத்தொழில்காரனைப் பற்றி. பொன், வெள்ளி, வெண்கலம், ரத்தினம், மரம் ஆகியவற்றில் வேலை செய்கிறவன். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் அசனம் என்னும் சபை விருந்து நடக்கும் நாளில் கவனித்துப் பாருங்கள். எத்தனை படி அரிசி, எந்த அடுப்பு முதலில், எந்தப் பந்தியில் முதியவர்கள், கடைசிப் பந்திக்குச் சாம்பார் எட்டுமா என்பதெல்லாம் ஒரே ஒருவர் தலைக்குள் இருக்கும். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அடுப்படியிலேயே நிற்பார், ஆராதனையில் அவர் பெயர் வராது. 1 கொரிந்தியர் 12:28 ‘ஆளுகைகள்’ என்று சொல்வதைப் பார்க்க அந்த அடுப்படிக்குப் போனால் போதும்.

நான்கு பேரிடம் கேளுங்கள்

வீட்டில் ஒருவர், சபையில் ஒருவர், வேலையிடத்தில் ஒருவர், உங்கள் மேல் அவ்வளவாகப் பிரியமில்லாத ஒருவர். நான்காமவரை விட்டுவிடாதீர்கள். ‘எனக்கு ஊழிய அழைப்பு இருக்கிறதா’ என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். இப்படிக் கேளுங்கள்: ‘எந்த விஷயத்துக்கு என்னைக் கூப்பிடலாம் என்று தோன்றும்? எதற்குக் கூப்பிடவே மாட்டீர்கள்?’ இரண்டு பேர் ஒரே பதிலைச் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தியோகியாவில் பர்னபாவையும் சவுலையும் (பிற்பாடு பவுல்) ஊழியத்துக்கென்று பிரித்துவிடுங்கள் என்று பரிசுத்த ஆவியானவர் சொன்னது சபையாரிடம் (அப்போஸ்தலர் 13:2). அதற்கு முன்பே இருவரும் அதே சபையில் ஒரு வருஷம் முழுதும் உபதேசித்திருந்தார்கள் (11:26).

வெளியூரிலிருந்து வந்த ஊழியர் தலையில் கைவைத்து ‘உன்னைத் தேசங்களுக்கு அனுப்புகிறேன்’ என்று தீர்க்கதரிசனம் சொல்லியிருக்கலாம். தேதி போட்டு எழுதி வையுங்கள், வேலைக்கு ராஜினாமா மட்டும் எழுதாதீர்கள். ‘எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்பதும் வேத வசனம்தான். அம்மா பிரசவத்தில் செய்த பொருத்தனைக்காகவே இறையியல் கல்லூரியில் சேருகிறவர்களும் உண்டு. அம்மாவின் விசுவாசத்தை மதிக்கலாம். அழைப்பு பிள்ளைக்கும் வந்திருக்கிறதா என்பதைத் தனியாகச் சோதிக்கத்தான் வேண்டும்.

ஒரே வேலை, 12 ஞாயிறு

நோட்டும் நான்கு பேரும் காட்டுகிற திசையில் ஒரே ஒரு வேலையைப் பிடியுங்கள். ஓய்வுநாள் பள்ளி வகுப்பு, ஆஸ்பத்திரி சந்திப்பு, காணிக்கைக் கணக்கு, ஒலிபெருக்கி என்று எதுவானாலும் சரி. வாரத்துக்கு மூன்று மணி நேரம், 12 வாரம். பொறுப்பாளரிடம் தொடங்கும் தேதியையும் முடியும் தேதியையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் விலகும்போது மனஸ்தாபம் வரும், அல்லது பிடிக்காத வேலையில் பத்து வருஷம் மாட்டிக்கொள்வீர்கள்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். ஆர்வத்தில் பாடகர் குழு, வாலிபர் கூட்டம், கைப்பிரதி என்று நான்கை ஒன்றாக எடுத்தால் எது பொருந்தவில்லை என்றே தெரியாது. புதுமை வடிந்து ஐந்தாம் ஆறாம் வாரத்தில் சலிப்பு தட்டும். அதை ‘தேவ சித்தம் இல்லை’ என்று படிக்காதீர்கள், 12-ஐ முடியுங்கள். முடிவில் மூன்று கேள்வி: யாருக்காவது பயன்பட்டதா? நான் கொஞ்சமாவது தேறினேனா? திரும்பக் கூப்பிடுகிறார்களா? இரண்டுக்கு ஆம் என்றால் இன்னும் 12 வாரம். இல்லையென்றால் வேறு வேலை, வெட்கப்பட ஒன்றுமில்லை.

கதவு அடைபட்டால்

பவுல் ஆசியாவில் பேசத் தடை, பித்தினியாவுக்குப் போகத் தடை, துரோவாவில்தான் மக்கெதோனியா தரிசனம் (அப்போஸ்தலர் 16:6-10). இரண்டு முறை தடுக்கப்பட்டபோதும் அவர் நடந்துகொண்டுதான் இருந்தார். கிதியோன் அடையாளத்துக்காகக் களத்தில் போட்ட ஆட்டுத்தோலை மாதிரியாகக் காட்டி அடையாளம் கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு ஏற்கெனவே தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைப்பதை விட்டுவிடுங்கள்.

அழைப்பு ஒரே இரவில் வந்தாலும் ஆயத்தத்துக்கு வருஷங்கள் பிடிக்கும். 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், மிஷனரியாக மாட்டேன் என்ற முடிவோடுதான் நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்தார். ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவம் பார்க்க வரச்சொல்லிக் கதவைத் தட்டினார்கள். ஆண் என்பதால் மருத்துவரான அவருடைய தகப்பனாரை அனுமதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகு அமெரிக்கா போய்ப் படித்து 1899-இல் மருத்துவரானார். வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை 1918-இல்தான் தொடங்க முடிந்தது. இதில் கவனிக்க வேண்டியது, கதவு தட்டப்பட்டபோது அவர் தாய்க்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தார் என்பது. தரிசனம் தேடி அவர் வரவில்லை.

முழுநேர ஊழியமென்று தோன்றினால்

எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது என்ற செய்தி கேட்டு நெகேமியா ராஜாவிடம் வாய் திறக்க ஏறக்குறைய நான்கு மாதம் ஆயிற்று. வாய் திறந்தபோது எத்தனை நாள் பயணம், யாருக்குக் கடிதம் வேண்டும், எவ்வளவு மரம் தேவை எல்லாம் தயாராக இருந்தது. அலங்கத்தை 52 நாளில் முடித்தார். நீங்களும் எழுதுங்கள்: பாக்கிக் கடன் எவ்வளவு, ஆறு மாதச் செலவுக்குக் கையில் இருக்கிறதா, மனைவி அல்லது கணவர் மனதார ஒத்துக்கொள்கிறாரா. கடைசிக் கேள்விக்குப் பதில் ‘ஜெபித்துக்கொண்டிருக்கிறார்’ என்றால் காத்திருங்கள். பவுல் கூடாரம் செய்துகொண்டே ஊழியம் செய்தார் (அப்போஸ்தலர் 18:3). வேலையில் இருந்துகொண்டே செய்யும் ஊழியம் இரண்டாந்தரம் என்று யாராவது சொன்னால் இந்த வசனத்தைக் காட்டுங்கள்.

நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கோடை விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஆள் தேடும் ஏப்ரலில் அதைத் திரும்ப எடுத்து, வட்டமிட்ட வரிகளைப் பார்த்துவிட்டு, எந்த வகுப்புக்கு ஆள் குறைகிறது என்று கேட்டு வாருங்கள்.