பிறப்புச் சான்றிதழில் பிழையா? முதலில் ஆதாரைத் தொடாதீர்கள்

நகராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். பள்ளிச் சேர்க்கை நேரம் வந்துவிட்டால், பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் அப்பா அம்மாக்கள்தான் அதிகம். என் மகளுக்காக நான் பண்ணிய அதே தவறை அவர்களும் பண்ணிவிட்டு வந்து நிற்கும்போது மனசு கேட்பதில்லை. நகல் கொண்டுபோக வேண்டும், அசலைக் கொடுத்துவிட்டு வரக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் செய்கிற தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

குடியிருக்கும் ஊரில் மனு கொடுப்பது

தலைப்பிரசவம் அம்மா வீட்டில். குழந்தை பிறந்தது அருப்புக்கோட்டையில், குடும்பம் இருப்பது திருப்பூரில். திருப்பூரில் ஒரு நாள் கூலியை விட்டு வரிசையில் நின்றால், இங்கே பதிவே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். குழந்தை எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் பதிவேடு இருக்கும். சான்றிதழின் அடியில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பதிவேட்டை விட்டுவிட்டு மற்றதைத் திருத்துவது

என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

என் மகள் 2011-ல் பிறந்தாள். என் மனைவி பெயர் உமா மகேஸ்வரி. மருத்துவமனையில் கேட்டபோது என் மாமியார், வீட்டில் கூப்பிடுகிற மாதிரி "உமா" என்று சொல்லியிருக்கிறார், அப்படியே பதிவாகிவிட்டது. பள்ளியில் சேர்க்கும்போதுதான் கவனித்தேன். பிறந்த ஊர் ஆறு மணி நேரப் பயணம். அவ்வளவு தூரம் போவானேன் என்று, மனைவியின் ஆதாரில் பெயரை "உமா" என்று மாற்றினேன். அப்புறம் ரேஷன் கார்டையும் மாற்றினேன். குழந்தையின் சான்றிதழோடு எல்லாம் பொருந்திவிட்டது, வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டிய கதை அது.

அடுத்த சில வருடங்களில் பான் கார்டை ஆதாரோடு இணைக்கச் சொன்னார்கள். பானில் முழுப்பெயர், ஆதாரில் பாதிப் பெயர், இணையவில்லை. மனைவியின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் வங்கிக் கணக்கிலும் முழுப்பெயர்தான். வேறு வழியில்லாமல் ஆதாரைப் பழையபடி மாற்றினோம். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்றலாம். இரண்டையும் என் அவசரத்துக்கே செலவழித்துவிட்டேன். பிறந்த தேதி என்றால் ஒரே ஒரு முறைதான்.

கடைசியில் அந்த ஆறு மணி நேரப் பயணத்தைப் போகத்தான் வேண்டியிருந்தது. மனைவியின் மதிப்பெண் பட்டியலும் எங்கள் திருமணப் பதிவுச் சான்றும் கொண்டுபோனோம். பிரசவத்தின்போது கூட இருந்த சித்தியும், மருத்துவமனைக்கு ஆட்டோ ஓட்டிவந்த பக்கத்து வீட்டுக்காரரும் சாட்சி. பதிவாளர் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "உமா" என்ற பழைய எழுத்து அப்படியே இருந்தது, யாரும் அடிக்கவில்லை. ஓரத்தில் முழுப்பெயர், கீழே கையெழுத்து, தேதி. 1969-ம் வருடப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-வது பிரிவு சொல்வது இதைத்தான்: பழைய பதிவைத் தொடாமல் ஓரத்தில் திருத்த வேண்டும். வெறும் எழுத்துப்பிழை என்று பதிவாளருக்குத் தெளிவானால் அவரே திருத்தலாம். விவரமே தப்பாக இருந்தால், விஷயம் தெரிந்த நம்பகமான இரண்டு பேர் உறுதிமொழி தர வேண்டும்.

இப்போது இது இன்னும் முக்கியமாகிவிட்டது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, பிறந்த இடத்துக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். அது தப்பாக இருக்கும்போது மற்றதை மாற்றி என்ன பயன்? முதலில் உங்கள் பெயரும் உங்கள் மனைவி பெயரும் உங்கள் பழைய ஆவணங்களில் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். அதன்படி குழந்தையின் பதிவைத் திருத்துங்கள். ஆதார் அதற்கு அப்புறம்.

புதிதாக இன்னொரு பதிவு போடுவது

வேண்டவே வேண்டாம். ஒரு பிள்ளைக்கு இரண்டு பதிவு இருந்தால் பின்னாளில் இரண்டையும் சந்தேகப்படுவார்கள்.

பெயர் மாற்றத்தைப் பிழைத்திருத்தம் என்று எழுதுவது

பெயர் இல்லாமல் பதிவான குழந்தைக்குப் பெயர் சேர்ப்பது வேறு. 12 மாதத்துக்குள் கட்டணம் கிடையாது, அதற்குப் பிறகு கட்டணத்தோடு 15 வயது வரை சேர்க்கலாம். பதிவான பெயரில் எண் கணிதம் பார்த்து ஒரு எழுத்தைக் கூட்டுவது வேறு. 15-வது பிரிவு பிழைக்கு மட்டும்தான். அதனால் முதல் தடவை பெயர் சேர்க்கும்போதே ஜோசியர், தாத்தா பாட்டி எல்லோரிடமும் பேசி முடித்துவிடுங்கள்.

இனிஷியலோடு பெயர் எழுதுவது

எழுதாதீர்கள். பாஸ்போர்ட்டில் விரித்து எழுதச் சொல்வார்கள்.

ஒரு மொழியில் மட்டும் திருத்தம் கேட்பது

சான்றிதழில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் இருக்கும். போன வாரம் ஒரு பெண் வந்தார். ஆங்கிலத்தில் கணவர் பெயர் சரியாகிவிட்டது, தமிழில் "செந்தில்குமார்" இன்னும் "செத்தில்குமார்" என்றே இருக்கிறது. மனுவில் ஆங்கிலத்தை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்னொரு மனு, இன்னொரு நாள் லீவு. நான் மனு எழுதும்போது நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் "பதிவில் உள்ளது", வலப்பக்கம் "இருக்க வேண்டியது" என்று எழுதுவேன். ஒவ்வொரு பிழையும் இரண்டு மொழியிலும், பெரிய எழுத்தில். அந்தத் தாளின் நகல் ஒன்றைக் கொண்டுபோய், புதுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.