போஸ்ட்கிரஸ் பாதுகாப்புத் திருத்தம்: நிறுவிய பிறகும் மீதமிருக்கும் வேலை

2024 மே 9 அன்று வெளியான, போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 16.3 பதிப்பை மறுநாளே நிறுவிவிட்டேன். அது எந்த ஓட்டையை அடைக்க வந்ததோ, அந்த ஓட்டை என் சர்வரில் அப்படியே இருந்தது என்பது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. வெளியீட்டுக் குறிப்பை நான் முழுவதும் படித்திருக்கவில்லை. உங்களுக்கும் அப்படி நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் பயன்படுத்துவது உபுண்டு; பொதிகளை எடுப்பது போஸ்ட்கிரஸ் திட்டத்தாரின் சொந்த ஆப்ட் களஞ்சியத்திலிருந்து (ஆப்ட் என்பது உபுண்டுவில் மென்பொருளை நிறுவும் கருவி). திருத்தங்கள் அங்கே உடனுக்குடன் வந்துவிடுவதால் உங்களுக்கும் அதையே பரிந்துரைப்பேன். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: உபுண்டுவின் தானியங்கிப் புதுப்பிப்பு இயல்பாக இந்தக் களஞ்சியத்தைத் தொடுவதில்லை. திருத்தங்கள் வழக்கமாக வெளியாகும் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் நீங்களேதான் பார்க்க வேண்டும்.

படி 1. பிஜி-டம்ப்ஆல் என்ற கருவி கொண்டு எல்லாத் தரவுத்தளங்களின் முழுப் பிரதி எடுத்து, வேறொரு கணினியில் வையுங்கள்.

படி 2. ஆப்ட் மூலம் பொதிகளைப் புதுப்பியுங்கள். 16.2 பதிப்பிலிருந்து 16.3 போவது சிறு மாற்றம். தரவுக் கோப்புகளின் வடிவம் மாறாது. 16-லிருந்து 17-க்குப் போவது வேறு வேலை, அதை இதோடு கலக்காதீர்கள்.

படி 3. ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் எந்தப் பதிப்பு என்று சர்வரிடமே கேளுங்கள். சர்வரோடு இணைந்து கட்டளை கொடுக்க உதவும் பிஎஸ்கியூஎல் நிரலின் பதிப்பைக் கேட்டால் அது தன் எண்ணைத்தான் சொல்லும். பிஎஸ்கியூஎல்லில் நுழையும்போது முதல் வரியில் 16.3 என்றும், பக்கத்திலேயே சர்வர் 16.2 என்றும் தெரிந்தால், பழைய நிரல் இன்னும் நினைவகத்தில் ஓடுகிறது என்று பொருள். மறுதொடக்கம் செய்யுங்கள்.

படி 4. நான் தவறவிட்டது இதைத்தான். சிவிஇ-2024-4317 என்ற (சிவிஇ என்பது பாதுகாப்புக் குறைபாடுகளுக்குத் தரும் பொது அடையாள எண்) குறைபாடு 14, 15, 16 பதிப்புகளில் இருந்தது. பிறருடைய அட்டவணைகளுக்கென உருவாக்கிய விரிவான புள்ளிவிவரங்களை (வினவல்களைத் திட்டமிடச் சர்வர் சேர்த்து வைப்பவை) உரிமையில்லாத பயனரும் படிக்க முடிந்தது. அந்தப் புள்ளிவிவரங்களில் அடிக்கடி வரும் மதிப்புகள் அப்படியே இருக்கும்; ஊர்ப்பெயரோ நோயின் பெயரோ வெளியே தெரிந்துவிடலாம். கோளாறு இருந்தது ஒவ்வொரு தரவுத்தளத்துக்குள்ளும் ஏற்கெனவே பதிந்துவிட்ட சிஸ்டம் வியூக்களில், அதாவது சர்வரின் உள்விவரங்களை அட்டவணை போலக் காட்டும் காட்சிகளில். புதிய நிரல் தானாக அவற்றை மாற்றி எழுதாது.

அதற்கான எஸ்கியூஎல் கோப்பு பொதியோடு கூடவே வருகிறது. யூஎஸ்ஆர் அடைவுக்குள் ஷேர், அதற்குள் போஸ்ட்கிரஸ்கியூஎல், அதற்குள் 16 என்று போனால், ‘ஃபிக்ஸ்’ என்று தொடங்கிக் குறைபாட்டின் எண்ணோடு முடியும் பெயரில் இருக்கும். எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசராக நுழைந்து அதை ஒவ்வொரு தரவுத்தளத்திலும் தனித்தனியாக ஓட்டுங்கள். புதிய தரவுத்தளங்களுக்கு அச்சாக இருக்கும் டெம்ப்ளேட்1-ஐ விட்டுவிட்டால், நாளை உருவாக்கும் தரவுத்தளம் பழைய ஓட்டையோடுதான் பிறக்கும். மாற்றாமல் வைத்திருக்கும் இன்னொரு அச்சான டெம்ப்ளேட்0 இணைப்பையே ஏற்காது. ‘ஆல்டர் டேட்டாபேஸ்’ கட்டளையால் அதன் ‘அலோ_கனெக்ஷன்ஸ்’ அமைப்பை ‘ட்ரூ’ ஆக்கி, கோப்பை ஓட்டி, உடனே மறுபடி ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள். இந்தக் கடைசி மாற்றத்தை மறக்கவே கூடாது.

இவ்வளவையும் வெளியீட்டுக் குறிப்பின் தொடக்கத்தில், இன்ன பதிப்புக்கு மாறுவோர் கவனிக்க வேண்டியவை என்ற பகுதியிலேயே எழுதியிருந்தார்கள். அதனால் இப்போது நிறுவுவதற்கு முன்பே அந்தப் பகுதியைப் படித்துவிடுகிறேன்.

பின்சேர்க்கை, 2025 பிப்ரவரி: சர்வரை 17.3 ஆக்கிவிட்டோம், இனி வேலை இல்லையே என்று சிலர் கேட்டிருந்தார்கள். இருக்கிறது. இம்முறை சரிசெய்யப்பட்ட சிவிஇ-2025-1094 இருப்பது செயலிகள் சர்வரோடு பேசப் பயன்படுத்தும் லிப்-பிக்யூ என்ற நிரல் நூலகத்தில். அது உங்கள் செயலி ஓடும் கணினியிலும் இருக்கும். அங்கேயும் புதுப்பித்துச் செயலியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அந்தத் திருத்தமே ஒரு புதிய கோளாறைக் கொண்டுவந்ததால் ஒரே வாரத்தில் 17.4 வந்துவிட்டது, எனவே நேராக அதற்கோ அதற்குப் பிந்தைய பதிப்புக்கோ போங்கள்.

பைத்தானில் போஸ்ட்கிரஸோடு இணைய உதவும் சைகோபிஜி2-வின் பைனரி பொதியை (முன்கூட்டியே தொகுத்துத் தரப்படுவது) வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அது லிப்-பிக்யூவின் தனிப் பிரதி ஒன்றைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆப்ட் எத்தனை முறை ஓடினாலும் அந்தப் பிரதி மாறாது. பைத்தான் பொதிகளை நிறுவும் பிப் வழியாகத்தான் புதுப்பிக்க வேண்டும்.