நிழல் தகடும் மும்பைக் காற்றும்: நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள்

போன வாரம் எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் ஒரு அலுவலகக் கட்டடத்தின் வரைபடத்தைக் காட்டினார்கள். மேற்குச் சுவர் முழுக்க, வெயிலை மறைக்க வெளியே நீளும் அலுமினிய நிழல் தகடுகள். "காற்றுக்குக் கணக்குப் போட்டாச்சா?" என்றேன். "அதை ஸ்ட்ரக்சரல்ல பாத்துக்குவாங்க சார்" என்றார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொன்ன அதே பதில்.

மேற்கில் கண்ணாடியைக் குறை, கூரைக்கு வெப்பக்காப்பு போடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். காற்றை மறந்து நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

நிழல் தகட்டைக் கடைசியில் சேர்ப்பது

மும்பையில் பிற்பகல் வெயில் மேற்கிலிருந்து அடிக்கிறது. ஜூனில் தொடங்கும் மழைக்காற்றும் தென்மேற்கிலிருந்தே வருகிறது. நிழல் அதிகம் தேவைப்படும் அதே சுவரைத்தான் காற்றும் மோதுகிறது. ஆனால் வெயில் கணக்கை ஒருவர் போடுகிறார், காற்றுக் கணக்கை இன்னொருவர் போடுகிறார்.

புறநகரில் நான் வேலை பார்த்த ஒரு கட்டடம். தகடுகள் வெயிலை மறைக்கும் என்று நம்பி ஏ.சி. டன்னேஜைக் (குளிரூட்டும் திறனை) குறைத்தோம். காற்றுக் கணக்கோ வெறும் கண்ணாடிச் சுவருக்குப் போட்டது. தகடுகள் பிறகு டெண்டரில் அலங்கார வேலையாக நுழைந்தன. பிராக்கெட்டுகளைக் கண்ணாடிச் சட்டத்திலேயே முடுக்கினார்கள். முதல் மழைக்காலத்தில் மாடிக்கு மாடி ஊளைச் சத்தம், போல்ட்டுகள் தளர்ந்தன. இரண்டாவது மழையில் மூலையில் இருந்த ஒரு தகடு கீழே விழுந்தது. இரவு நேரம், யாருக்கும் அடிபடவில்லை. உரிமையாளர் பயந்துபோய் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்.

அப்புறம் ஏப்ரல் வந்தது. நிழலை நம்பி வாங்கிய ஏ.சி. திணறியது. மேற்குப் பக்கம் உட்கார்ந்தவர்கள் திரையை இழுத்துவிட்டுப் பகலெல்லாம் விளக்கு போட்டார்கள். கடைசியில் ஏ.சி.க்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று.

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. முதல் வரைபடத்தின்போதே வெயில் கணக்குப் போடுபவர், காற்றுக் கணக்குப் போடுபவர் இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்திருந்தால் போதும். கட்டடங்களின் காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி, சுவரின் ஓரங்களிலும் மூலைகளிலும் உறிஞ்சு விசை (காற்று வெளியே இழுக்கும் விசை) அதிகம் என்று தனியாகவே சொல்கிறது. தகடு எவ்வளவு வெளியே நீள்கிறது என்பதைக் கணக்கில் சேருங்கள். பிராக்கெட்டைக் கான்கிரீட் தளத்தின் (ஸ்லாப்) விளிம்பில் ஆங்கர் செய்யுங்கள், கண்ணாடிச் சட்டத்தில் வேண்டாம். மூலையில் தகட்டின் நீட்டத்தைக் குறையுங்கள். காற்றுக் கணக்கு முடிந்த பிறகுதான் ஏ.சி. டன்னேஜ்.

பெங்களூரு கட்டடத்தின் டீட்டெய்லை அப்படியே எடுப்பது

அதே தரநிலையில், கணக்குக்கு எடுக்க வேண்டிய அடிப்படைக் காற்று வேகம் பெங்களூருக்கு வினாடிக்கு 33 மீட்டர், மும்பைக்கு 44, சென்னைக்கு 50. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதனால் பெங்களூரைவிட இங்கே வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல் என்றாலும் அழுத்தம் ஏறக்குறைய 1.8 மடங்கு. புயலெல்லாம் சென்னைக்குத்தான் என்று நினைப்பவர்கள் 2021 மே மாத டவ்தே புயலை நினைத்துப் பாருங்கள். கரையைக் கடந்தது குஜராத்தில். மும்பையிலும் மரங்கள் சாய்ந்தன.

கசிவு

கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கு வழியாகக் காற்று தள்ளும் ஈரத்தையும் ஏ.சி.தான் பிழிந்தெடுக்க வேண்டும். மாதிரிச் சுவர் ஒன்று கட்டித் தண்ணீர் அடித்துப் பார்க்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

லாபி வாசல்

காற்று நேராக உள்ளே புகாமல் இருக்க, ஒன்றன்பின் ஒன்றாக இரட்டைக் கதவு. பேச்சே இல்லை.

மாடி சோலார்

காற்று பேனலை மேலே தூக்கும். வெறும் கான்கிரீட் கட்டைகளின் கனத்தை நம்பி, கணக்கில்லாமல் கூரை ஓரத்தில் வைக்காதீர்கள்.