கடற்கரையில் கேட்கப்படும் வேதக் கேள்விகள்: விடை சொல்பவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் ஆகிய ஊர்களின் கரைகளில் விசைப்படகுகள் ஓய்ந்து நிற்கும். வலையைப் பழுது பார்த்துக்கொண்டே பேசுவதற்கு அப்போதுதான் நேரம் கிடைக்கிறது. விசுவாசத்தைப் பற்றிய கேள்விகளும் அப்போதுதான் அதிகம் எழுகின்றன. பல ஆண்டுகளாக மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவன் என்பதால் அவற்றில் பல என்னிடம் வந்திருக்கின்றன. விடை தெரியாமல் நான் தடுமாறிய இடங்களில் பெரிய தீங்கு நேர்ந்ததாக நினைவில்லை. விடை தெரியும் என்ற அவசரத்தில் வாய் திறந்த இடங்களில்தான் மனிதர்களைக் காயப்படுத்தியிருக்கிறேன். அப்படிப்பட்ட தவறுகளையும், அவற்றைத் திருத்திக்கொள்ள வேதமே காட்டும் வழியையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, சாவு வீட்டுக் கேள்விக்குக் காரணம் கற்பிப்பது. 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. கூரையில்லாமல் நிற்கும் அந்த ஊரின் தேவாலயச் சுவர்களைப் பார்க்கிற எவரும், கடவுள் இதை ஏன் அனுமதித்தார் என்று கேட்காமல் இருப்பதில்லை. அதற்கு, அந்த ஊரார் செய்த பாவத்துக்குத் தண்டனை என்று யாரேனும் விடை சொன்னால், அவர் இயேசுவின் சொல்லுக்கு நேர் எதிராகப் பேசுகிறார். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்ததைக் குறிப்பிட்டு, எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரைவிடவும் அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவரே கேட்டு, அப்படியல்ல என்று அவரே விடையும் சொன்னார் (லூக்கா 13:4-5). பிறவியிலேயே பார்வையற்றவனைக் கண்டு, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோதும், இரண்டுமில்லை என்றார் (யோவான் 9:3). யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் தவறினார்கள். முடிவில் கடவுளின் சினம், முறையிட்ட யோபுவின்மேல் அல்லாமல், விளக்கம் சொன்ன அவர்கள்மேல் மூண்டது (யோபு 42:7). துக்கம் விசாரிக்கப் போகும் ஒவ்வொருவரும் அந்த அதிகாரத்தை ஒரு முறை படித்துவிட்டுப் போவது நல்லது.

இதற்கு மறுபக்கமாக இன்னொரு தவறும் உண்டு. உயிர் பிழைத்து வந்தவர் வீட்டில், இவர் செபித்தார், அதனால் பிழைத்தார் என்று சொல்லிவிடுகிறோம். அதே படகில் போய்த் திரும்பாதவரின் மனைவி அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதை நாம் கவனிப்பதில்லை. திருத்தூதர் பணிகள் 12ஆம் அதிகாரத்தில் ஏரோது யாக்கோபை வாளால் வெட்டிக் கொல்கிறான். சில வசனங்களுக்குப் பிறகு வானதூதர் பேதுருவைச் சிறையிலிருந்து விடுவிக்கிறார். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று நூலாசிரியர் எங்கும் எழுதவில்லை. அந்த யாக்கோபைத்தான் வேர்க்காட்டு ஆலயத்தில் சந்தியாகப்பர் என்று அழைத்து நம் மக்கள் வேண்டிக்கொள்கிறார்கள். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்ட மறைப்பணியாளர் அருளானந்தரும் (ஜான் டி பிரிட்டோ) காப்பாற்றப்படவில்லை. காப்பாற்றப்படாத இருவரைப் பாதுகாவலர்களாக ஏற்றுக்கொண்ட கரை இது. இங்கே நின்றுகொண்டு, விசுவாசம் இருந்தால் ஆபத்து வராது என்று போதிப்பது பொருந்தாது.

நோயைப் பற்றிய கேள்வியிலும் இதே தவறு நுழைகிறது; அங்கே அது உயிருக்கே ஆபத்தாகிவிடும். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சொல்லி, சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தை நிறுத்தச் செய்பவர்கள் உண்டு. பவுல் தம் உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டியும் அது நீங்கவில்லை. என் கிருபை உனக்குப் போதும் என்ற விடையே கிடைத்தது (2 கொரிந்தியர் 12:8-9). துரோப்பீமுவை அவர் மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). அடிக்கடி நோயுற்ற தீமோத்தேயுவுக்கு, வயிற்றின் நலத்துக்காகக் கொஞ்சம் திராட்சை இரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் (1 தீமோத்தேயு 5:23). கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் உள்ள சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரமோ மருத்துவரை மதிக்கும்படி வெளிப்படையாகவே கற்பிக்கிறது. நோயாளிக்காக மனமுருகிச் செபியுங்கள். அவர் மருந்தில் கை வைக்காதீர்கள்.

அடுத்த தவறு, வசனத்தை அதன் இடத்திலிருந்து பிய்த்து எடுப்பது. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற வசனத்தைப் படகின் பக்கத்தில் எழுதிக்கொள்கிறோம். தேர்வு எழுதப்போகும் பிள்ளைக்கும் சொல்லி அனுப்புகிறோம். நினைத்தது நடக்கும் என்பதே அதன் பொருள் என்று எண்ணுகிறோம். அது பிலிப்பியர் 4:13. அதற்கு முந்தைய வசனத்தில், நிறைவாக உண்ணவும் பட்டினி கிடக்கவும் கற்றுக்கொண்டேன் என்று சிறையிலிருக்கும் பவுல் எழுதுகிறார். மீன்பாடு இல்லாத நாளிலும் மனம் உடைந்துபோகாமல் இருக்கும் பெலத்தைப் பற்றியே அவர் பேசுகிறார். தடைக்காலத்தில் அடகுக் கடை வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு இந்தப் பொருள்தான் உதவும். வெற்றி வாக்குறுதியாக அதைக் கொடுத்தால், வெற்றி வராதபோது விசுவாசமும் கூடவே போய்விடும். எரேமியா 29:11இல் வரும் நல்ல எதிர்கால வாக்குறுதியும் இப்படியே. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களிடம், 70 ஆண்டு அங்கேயே காத்திருக்க வேண்டும் என்று முந்தைய வசனத்தில் சொல்லிவிட்டுத்தான் தீர்க்கதரிசி அந்த வாக்குறுதியைத் தருகிறார்.

வேதத்தில் இல்லாததை இருப்பதாகச் சொல்வதும் இதைச் சேர்ந்ததே. ஞானிகள் மூவர் என்று மத்தேயு எழுதவில்லை, காணிக்கைதான் மூன்று. பணம் எல்லாத் தீமைக்கும் வேர் என்று பவுல் சொல்லவில்லை. பண ஆசை என்றே சொன்னார் (1 தீமோத்தேயு 6:10). யோனாவை விழுங்கியதைத் திமிங்கிலம் என்று ஞாயிறு வகுப்பில் படம் வரைகிறோம்; நூலில் இருப்பது பெரிய மீன். கடலறிந்த நம் பிள்ளைகள், மனிதனை விழுங்கும் அளவுக்கு அதன் தொண்டை இருக்குமா என்று கேட்பார்கள். அந்த வாதத்தில் இறங்கினால் அந்த நூல் நம் கையைவிட்டு நழுவிவிடும். ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழும் நினிவேக்காக நான் இரங்கக்கூடாதா என்று பகைநாட்டைப் பற்றிக் கடவுள் கேட்கும் கேள்வியோடு யோனா நூல் முடிகிறது. கேட்ட பிள்ளையை அந்தக் கடைசி வசனம் வரை அழைத்துச் செல்ல வேண்டும்.

யோவான் 21ஆம் அதிகாரத்தில் வரும் 153 மீன்களுக்கு மறைபொருள் தேடுவதும் பழைய வழக்கம். ஒன்று முதல் பதினேழு வரை கூட்டினால் 153 வரும் என்று புனித அகுஸ்தீன் விளக்கியிருக்கிறார். அதைத் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் கரைக்கு வந்ததும் மீனை எண்ணிக் கூறு வைத்துப் பங்கு பிரிக்கிற நம் மக்களுக்கு, அந்தச் சீடர்கள் ஏன் எண்ணினார்கள் என்பது வியப்பாக இராது. எளிய பொருள் கையில் இருக்கும்போது அதை முதலில் சொல்லிவிடுவது நேர்மை.

நம் கடலைக் கலிலேயாவின்மேல் ஏற்றிவிடுவது இன்னொரு பிழை. கலிலேயாக் கடல் ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமும் உள்ள நன்னீர் ஏரி. சுற்றியுள்ள மலைகளிலிருந்து திடீரென இறங்கும் காற்றால் அங்கே புயல் எழுகிறது. பழைய மொழிபெயர்ப்பு கப்பல் என்று சொல்வதைக் கேட்டு, பாம்பன் வழியாகப் போகும் கப்பலை நினைத்துக்கொள்ளக் கூடாது. 1986இல் அந்த ஏரிக்கரைச் சேற்றிலிருந்து எடுக்கப்பட்ட, இயேசுவின் காலத்தை ஒட்டிய படகு எட்டு மீட்டர் சொச்ச நீளம் கொண்டது, நம் வள்ளத்தைப் போன்றது. அதே மொழிபெயர்ப்பு, இயேசு "பின்னணியத்தில்", அதாவது படகின் பின்பகுதியில், தலையணை வைத்து உறங்கினார் என்று கடலோடிகளின் சொல்லையே எடுத்து ஆள்வதைக் காணும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். நாங்கள் மடிவது உமக்குக் கவலையில்லையா என்று சீடர்கள் கேட்டபோது, மாற்கு எழுதுகிறபடி, அவர் முதலில் காற்றை அடக்கினார். ஏன் பயந்தீர்கள் என்று கேட்டது அதன் பிறகுதான் (மாற்கு 4:38-40). மத்தேயு இந்த வரிசையை மாற்றிச் சொல்கிறார். கேட்பவர் அந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினால் மறைக்கத் தேவையில்லை. நற்செய்தியாளர்கள் ஒரே நிகழ்ச்சியைத் தத்தம் முறையில் எழுதினார்கள் என்று ஒப்புக்கொள்ளலாம்.

கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் உள்ள இஸ்லாமிய நண்பர்கள் கேட்கும் கேள்வி வேறு வகையானது: நீங்கள் மூன்று கடவுளை வணங்குகிறீர்களா? இதற்கு நாம் அவசரமாக நீட்டுவது நீர், பனிக்கட்டி, நீராவி என்ற உவமை. ஒரே ஆள் மூன்று வேடம் போடுகிறார் என்பதே இந்த உவமையின் முடிவு. மூன்றாம் நூற்றாண்டில் சபேலியுஸ் கற்பித்ததும் திருச்சபை மறுத்ததும் அதைத்தான். இயேசு திருமுழுக்குப் பெற்றபோது மகன் ஆற்றிலிருந்து எழுகிறார், ஆவி இறங்குகிறார், தந்தை பேசுகிறார். மூவரும் ஒரே வேளையில் இருக்கிறார்கள் (மத்தேயு 3:16-17). உவமைக்குப் போகாமல், கடவுள் ஒருவரே என்பதில் தொடங்குவதே சரி. இணைச்சட்டம் 6:4 அதைச் சொல்கிறது. முதன்மையான கட்டளை எது என்று கேட்கப்பட்டபோது இயேசுவும் அதையே சொன்னார் (மாற்கு 12:29). அதன்பின், வாக்கு கடவுளாயிருந்தார் என்ற யோவான் 1:1க்கும், மூவருக்கும் ஒரே பெயராகத் திருமுழுக்குக் கொடுக்கச் சொல்லும் மத்தேயு 28:19க்கும் வரலாம். திரித்துவம் என்ற சொல் வேதத்தில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். வேதம் சொல்வதைக் காப்பதற்காகத் திருச்சபை ஏற்ற சொல் அது, 325இல் நிசேயாவிலும் 381இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடிய சங்கங்கள் அந்த விசுவாசத்தை அறிக்கையாக வகுத்தன. மகன் என்ற சொல் உடல்வழிப் பிறப்பைக் குறிப்பதாக நாங்களும் நம்பவில்லை என்று தெளிவாகச் சொன்னால், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பரலோகத்தில் சாட்சி கூறுவோர் மூவர் என்று பழைய தமிழ் வேதாகமத்தில் 1 யோவான் 5:7 இருப்பதால், பலர் அதையே முதல் ஆதாரமாக எடுத்து வைக்கிறார்கள். மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அந்தச் சொற்கள் இல்லை. 1995இல் வெளிவந்த திருவிவிலியத்திலும் அவை மூலபாடத்தில் இடம்பெறவில்லை. படித்த ஒருவர் அதைச் சுட்டிக்காட்டும்போது, உண்மையான விசுவாசம் ஓர் உறுதியற்ற வசனத்தில் நிற்பதுபோல் ஆகிவிடும். அந்த வசனம் இல்லாமலேயே விடை முழுமையாக இருக்கிறது.

கிறிஸ்தவர்களுக்குள் எழும் வாதங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வேதாகமத்தில் இருப்பவை 66 நூல்களா 73 நூல்களா, தேவன் என்பதா கடவுள் என்பதா என்று சண்டையிட்டு, வந்த கேள்வியை மறந்துவிடுகிறோம். விசுவாசமா செயலா என்ற கேள்விக்கு உரோமையர் 3:28ஐ ஒருவரும் யாக்கோபு 2:24ஐ மற்றவரும் எறிந்துகொள்கிறார்கள். பிற இனத்தார்மேல் விருத்தசேதனத்தைச் சுமத்தியவர்களோடு பவுல் வாதாடினார். பசித்த சகோதரனிடம், சமாதானமாய்ப் போ என்று மட்டும் சொல்லி அனுப்பியவர்களை யாக்கோபு கண்டித்தார். மீட்புக்கு ஏற்புடையவராவது பற்றி லுத்தரன் சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999இல் கூட்டறிக்கையே வெளியிட்டுவிட்ட பிறகு, நாம் இன்னும் தெருவில் நின்று சண்டையிட வேண்டியதில்லை. இயேசு திரும்பி வரும் நாளைக் கணக்கிட்டுச் சொல்பவரிடம் மத்தேயு 24:36ஐத் திறந்து காட்டினால் போதும்.

கடைசியாக, என்னை நெடுநாள் யோசிக்க வைத்த ஒரு கேள்வி. படகு உரிமையாளரான வயதான சம்மாட்டி ஒருவர் திருவெளிப்பாடு 21:1ஐக் கேட்டுவிட்டு, "புது உலகத்துல கடலே இல்லேங்கிறாக. அப்ப நாம எங்க போறது?" என்றார். சிரித்துக் கடந்துபோயிருந்தால் அது பெரிய தவறாயிருக்கும். பத்மு தீவில் அடைபட்டிருந்த யோவானின் காட்சி நூலில் கடல் என்பது விலங்கு எழும்பி வரும் இடம் (13:1), இறந்தோரை வைத்திருக்கும் இடம். அந்தக் கடல்தான் இல்லாமல் போகிறது; படைப்பில் நல்லது என்று கடவுள் கண்ட கடலின்மேல் அவருக்குப் பகை இல்லை என்று விளக்கினேன். அவர் தலையசைத்தார், ஆனால் எழுந்து போகவில்லை. பக்கத்தில் அவர் மருமகள் நின்றிருந்தார். அந்தப் பெண்ணின் கணவர் கடலுக்குப் போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. உடல் கிடைக்கவில்லை, கல்லறைத் திருநாளில் பூ வைக்க ஓர் இடமும் இல்லை. புதைக்கப்படாதவர் உயிர்த்தெழுவாரா என்பதே அவர்கள் கேட்க வந்த கேள்வி என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. விளக்கத்தை நிறுத்திவிட்டு, ஒரு பக்கம் முன்னால் புரட்டி, 20:13ஐ மெதுவாக வாசித்தேன்: கடல் தன்னிடமிருந்த இறந்தோரை ஒப்படைத்தது. இன்னொரு முறை வாசிக்கும்படி அந்தப் பெண் கேட்டார். வாசித்தேன்.