கீசரில் வெந்நீர் வரவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

டெல்டாவில் கீசருக்கு வேலை வருவதே அடைமழை ஓய்ந்த பிறகுதான். மாதக்கணக்கில் சும்மா கிடந்ததை மார்கழிப் பனியில் விடியற்காலை போட்டால், தண்ணீர் சுடாது. வேதாரண்யத்தில் அம்மா வீட்டிலும் அதுதான் நடந்தது. "தம்பி, அரை மணி நேரமா போட்டிருக்கேன், பச்சத்தண்ணியாத்தான் வருது" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் அதற்குள் "காயில் போயிடுச்சு" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். தண்ணீரைச் சுடவைக்கும் கம்பிதான் காயில். பார்க்காமலே அதை மாற்றச் சொல்வதுதான் முதல் தவறு.

அம்மா வீட்டுக் கீசரில் கரண்ட் வருவதற்கு ஒரு விளக்கு, சூடாவதற்கு ஒரு விளக்கு. முதல் விளக்கு எரிந்தது, இரண்டாவது எரியவில்லை. தண்ணீரோ பச்சையாக இருந்தது. அப்படியென்றால் காயிலுக்குக் கரண்டே போகவில்லை. தண்ணீர் வேண்டிய சூட்டுக்கு வந்ததும் காயிலை நிறுத்துவது தெர்மோஸ்டாட். அதோடு சேர்ந்து கட்-அவுட் என்று ஒன்று இருக்கும். தெர்மோஸ்டாட் நிறுத்தவேண்டிய அளவையும் தாண்டிச் சூடு ஏறினால், அது இணைப்பைத் துண்டித்துவிடும். சின்னப் பட்டனை அழுத்தினால் மறுபடி ஓடும்.

பட்டனை அழுத்திவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடக் கூடாது. அம்மா வீட்டில் ஒரு மெக்கானிக் அப்படித்தான் செய்துவிட்டுப் போனார். மூன்றே நாளில் மறுபடி நின்றது. இரண்டாவது தடவை வந்தவர், "கட்-அவுட்டை எடுத்துட்டு டைரக்டா கொடுத்துடட்டுமா?" என்று கேட்டார். தயவுசெய்து இதற்கு மட்டும் யாரும் தலையாட்டாதீர்கள். அதற்குப் பிறகு தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் கொதித்துக்கொண்டே போகும், நிறுத்த ஆளில்லை. தொட்டி வெடிக்காமல் காப்பாற்ற, அழுத்தம் ஏறினால் திறந்துவிடும் வால்வு ஒன்றுதான் மிச்சம்.

சரி, கட்-அவுட் ஏன் திரும்பத் திரும்ப விழுந்து இணைப்பைத் துண்டிக்கிறது? கீசர் லைனுக்கான எம்.சி.பி. சுவிட்சை அணைத்து, தண்ணீரை வடித்து, காயிலைக் கழற்றச் சொன்னேன். விரல் தடிமன் இருக்கவேண்டிய காயில் மணிக்கட்டு அளவுக்குப் பருத்திருந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக, தட்டினால் ஓடு ஓடாக உதிர்ந்தது. அடியில் மட்டும் அரை வாளி தேறியது. எங்கள் பக்கம் குடிக்கக் கொள்ளிடத்துக் கூட்டுக்குடிநீர் வந்தாலும், குளிப்பதற்குப் போர் தண்ணீர்தான். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சூட்டில் பிரிந்து காயிலில் படிகிறது. படிந்த பிறகு சூடு தண்ணீருக்கு முழுசாகப் போகாமல் காயிலைச் சுற்றியே தங்கிவிடும். அதனால்தான் தண்ணீர் சரியாகச் சுடுவதற்கு முன்பே கட்-அவுட் விழுகிறது. காயிலை மாற்றவே இல்லை, சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டியதும் ஓடியது. கூடவே இருக்கும் மக்னீசியம் ராடு மட்டும் கரைந்து கம்பியாக நின்றது. தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க அது தன்னைக் கரைத்துக்கொள்கிறது. உப்புத்தண்ணீர் ஊரில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும், அதை மாற்றித்தான் ஆகவேண்டும்.

திரும்ப மாட்டியதும் அவசரப்பட்டு சுவிட்சைப் போடாதீர்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்து, காற்றெல்லாம் போய்த் தண்ணீர் சீராகக் கொட்டிய பிறகே போடவேண்டும். தண்ணீர் இல்லாமல் எரிந்தால் நல்ல காயிலும் கருகும்.

கீசரைப் போட்டதும், கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் விழுந்தால், "இந்த லைன் சரியில்லை" என்று பிளக்கை வேறு பாயிண்டுக்கு மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காயிலின் மேலுறை விரிசல் விட்டுக் கரண்ட் தண்ணீருக்குள் கசிவதுதான் காரணம். நனைந்த உடம்போடு நிற்கிற இடம் அது. எர்த் இல்லாத பாயிண்டில் மாட்டினால் உயிரே போகலாம். எலக்ட்ரீஷியன் வரும்வரை அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

அழுத்தம் ஏறினால் திறக்கும் அந்த வால்வில் சொட்டுகிறதே என்று எம்-சீல் பசை வைத்து அடைப்பதும் அதே அளவு ஆபத்து. 15 லிட்டர் தண்ணீர் 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது சுமார் 200 மில்லி விரிகிறது. உள்ளே வரும் குழாயில் திரும்பிப் போகவிடாத வால்வு இருந்தால், அந்த 200 மில்லி போக வேறு வழி கிடையாது. சூடாகும்போது மட்டும் சொட்டினால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். நாள் முழுக்கச் சொட்டினால்தான் ஆளைக் கூப்பிடவேண்டும்.

சில நேரம் கீசரில் குறையே இருக்காது. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 15 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 17, 18 நிமிடம் எடுக்கும். வயலில் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் அதே கீசர் சுமார் 1200 வாட்தான் இழுக்கும், அரை மணி நேரம் ஆகிவிடும்.

இன்னொன்று, வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து கொடுக்கும் மிக்ஸர் குழாய். அதற்குள் வாஷர் தேய்ந்திருந்தால் பச்சைத்தண்ணீர் வெந்நீர் பக்கம் கலந்துவிடும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. சுவிட்சை அணைத்துவிட்டு, கீசருக்குள் தண்ணீர் போகும் வால்வை மூடி, வெந்நீர்ப் பக்கத்தை மட்டும் திறந்து பாருங்கள். தண்ணீர் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் மிக்ஸரைத்தான் கழற்றவேண்டும், கீசரைத் தொடவேண்டியதில்லை.