ஆக்சிலை உருவும் முன் உள்ளே தள்ளுங்கள்

பின் சக்கரத்தின் உட்புறம் கியர் ஆயில் கசிகிறது என்றால், ஆயில் சீலை (கசிவைத் தடுக்கும் வளையம்) மாற்ற ஆக்சிலை (சக்கரத்தைச் சுழற்றும் நீண்ட தண்டு) உருவியாக வேண்டும். சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் கழற்றியதும் பலர் ஆக்சிலைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பழைய ஃபோர்டு மஸ்டாங் ஒன்றில் ஒரு காலைப்பொழுது முழுக்க நானும் அப்படித்தான் இழுத்தேன். தோள் வலித்தது, ஆக்சில் அசையவில்லை.

அசையாது. 1986 முதல் 2014 வரை பெரும்பாலான வி8 மஸ்டாங்குகளில் வந்த 8.8 அங்குல டிஃபரன்ஷியலில் (இரு பின் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் கியர் அமைப்பு; அதன் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம்தான் இந்த 8.8) ஆக்சிலின் பூட்டு உள்பக்கம் இருக்கிறது. ஆக்சிலின் உள்முனையில் ஒரு பள்ளம், அதில் பிறை வடிவில் ஒரு சி-கிளிப். அந்தக் கிளிப், ஆக்சிலின் உள்முனை பொருந்தும் சைடு கியரின் குழிக்குள் புதைந்து உட்கார்ந்திருக்கும். இரண்டு ஆக்சில்களின் முனைகளுக்கும் நடுவே, இரண்டு சிறு பினியன் கியர்களைத் தாங்கும் பினியன் தண்டு குறுக்காக நிற்பதால், ஆக்சில் உள்ளே நகர இடமில்லை. உள்ளே நகராமல் கிளிப் குழியை விட்டு வராது. ஆக, தண்டை எடுத்து, ஆக்சிலை உள்ளே தள்ளினால் கிளிப் தானாக விரலுக்கு வந்துவிடும். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்புகிறீர்கள் என்றால், தள்ளியது போதவில்லை என்று பொருள்.

இதற்கெல்லாம் முன்பே ஒரு தவறு நடந்துவிடுவதுண்டு. ஆயிலை வடித்துவிட்டு, பிறகு ஆயில் ஊற்றும் துளையின் அடைப்பைத் திறக்கப் போனால் அது துருப்பிடித்து இறுகியிருக்கும். முதலில் அதைத் தளர்த்திப் பாருங்கள். பிறகு டிஃபரன்ஷியலின் பின் மூடியைத் திறக்கலாம்.

அடுத்தது பினியன் தண்டைப் பிடித்திருக்கும் சிறிய பூட்டு போல்ட். இந்த வேலையில் என் பாதி பயம் இதன் மீதுதான். மெலிந்த போல்ட், தலையும் சிறியது. அரைகுறையாகப் பொருந்தும் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் தலையின் முனைகள் மழுங்கும், அல்லது தலை மட்டும் கையோடு வரும். டிஃபரன்ஷியலைச் சுழற்றி, போல்ட்டின் தலை நேராகத் தெரியும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன் மேல் உள்ள எண்ணெயைத் துடைத்து, சரியான அளவு சாக்கெட்டை முழு ஆழத்துக்கு அமர்த்தி, மெதுவாக அழுத்தம் கொடுங்கள். இறுகியிருந்தால் சற்றுச் சூடாக்கினால், மரையில் ஒட்டியிருக்கும் பசை இளகும்.

பினியன் தண்டு வெளியே வந்த பிறகு ஆக்சிலையோ, கியர்பாக்ஸிலிருந்து வரும் டிரைவ் தண்டையோ சுழற்றவே கூடாது. சுழற்றினால் நடுவிலிருக்கும் இரண்டு சிறு பினியன்களும் இடம் நழுவி உருண்டு வந்துவிடும். எனக்கு ஒருமுறை ஒரு பினியன் உருண்டு, அடியில் வைத்திருந்த ஆயில் தட்டுக்குள் 'டொப்' என்று விழுந்தது. தேடி எடுத்துக் கழுவி, துவாரங்கள் நேராகும்படி இரண்டையும் ஒரே நேரத்தில் உள்ளே உருட்ட அரைமணி நேரம் ஆனது. டிராக்ஷன்-லாக் வகையாக (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) இருந்தால் நடுவே எஸ் வடிவ ஸ்பிரிங் ஒன்றும் இருக்கும். ஆக்சிலை எடுக்க அதைத் தொட வேண்டியதே இல்லை. வீணாக நெம்பினால் விசையோடு பாயும்.

ஆக்சிலை உருவும்போது அதன் எடையை மறு கையால் தாங்குங்கள். தொங்கவிட்டு இழுத்தால் பல் வெட்டுகள் சீலின் உதட்டைக் கீறும். பழைய சீல் போகட்டும். திரும்பப் பொருத்தும்போது புதிய சீலுக்கும் இதே கதிதான். ஏபிஎஸ் பிரேக்குக்கான சக்கர வேக உணரி இருக்கும் கார்களில் அதை முன்பே கழற்றிவிடுவது நல்லது.

திரும்பப் பூட்டும்போது, கிளிப்பைப் பள்ளத்தில் வைத்த கையோடு ஆக்சிலை வெளிப்பக்கம் இழுத்து, அது குழிக்குள் புதைந்ததைக் கண்ணால் பாருங்கள். பிறகுதான் தண்டு. பூட்டு போல்ட் புதிதாக இருந்தால் நல்லது. பழையதாக இருந்தால் மரையைச் சுத்தம் செய்து, மரைப் பசை தடவிப் பூட்டுங்கள். அது தளர்ந்து விழுந்தால் கியர்ப் பற்களுக்கு நடுவேதான் விழும். கிளிப் ஒன்றை மறந்தாலோ, ஓடும் காரிலிருந்து ஆக்சில் சக்கரத்தோடு வெளியே நகரத் தொடங்கும். மூடிக்குப் பசை தடவும் முன், கிளிப்புகளை வைத்திருந்த தட்டை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.