கடனட்டையின் வரம்பு குறைக்கப்பட்டால்: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நான் ரொறன்ரோவுக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில் வங்கியிலிருந்து சிறிய கடிதம் ஒன்று வந்தது. என் கடனட்டையின் வரம்பு 5,000 டொலரிலிருந்து 2,000 டொலராகக் குறைக்கப்பட்டிருப்பதாக அதில் இருந்தது. ஏதோ பெரிய தவறு செய்துவிட்டேன் என்று எண்ணி, வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு வாரம் அதை மறைத்து வைத்திருந்தேன். அந்த ஒரு வாரத்தில் நான் செய்திருக்க வேண்டியவற்றை, அதே கடிதம் கையில் கிடைத்திருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன்.

கனடாவில் வங்கி உங்கள் வரம்பை உயர்த்த வேண்டுமானால் உங்களுடைய வெளிப்படையான சம்மதத்தைப் பெற வேண்டும். குறைப்பதற்கு அந்தச் சம்மதம் தேவையில்லை. தவணை ஒன்று பிந்தியிருக்கலாம், வேறொரு அட்டையில் நிலுவை ஏறியிருக்கலாம், அட்டையை நெடுநாள் பயன்படுத்தாமல் இருந்திருக்கலாம், அல்லது வங்கியே தன் கடன்களைப் பொதுவாக இறுக்கியிருக்கலாம். ஆகவே கடிதம் வந்துவிட்டது என்பதாலேயே நீங்கள் குற்றம் செய்தவர் ஆகிவிட மாட்டீர்கள். உங்கள் கடனும் ஒரு சதம்கூடக் கூடியிருக்காது.

கூடுவது வேறொன்று. வரம்பில் எத்தனை விழுக்காட்டை நீங்கள் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்பதை மக்களின் கடன் விவரங்களைத் திரட்டும் ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய இரு நிறுவனங்களும் கணக்கில் எடுத்தே, 300 முதல் 900 வரையிலான உங்கள் கிரெடிட் ஸ்கோரை, அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுவீர்களா என்பதைக் காட்டும் மதிப்பெண்ணை, கணிக்கின்றன. அந்த அளவு ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது என்பது இங்கு பொதுவாகத் தரப்படும் அறிவுரை. என் அட்டையில் அன்று 1,500 டொலர் நிலுவை இருந்தது. வரம்பு 5,000 ஆக இருந்தபோது அது 30 விழுக்காடு. 2,000 ஆனதும், நான் புதிதாக ஒரு பொருளும் வாங்காமலேயே, 75 விழுக்காடு ஆகிவிட்டது. எனவே கையிலுள்ள பணத்தைக் கொண்டு முதலில் அந்த நிலுவையைத்தான் இறக்க வேண்டும். பெரும்பாலும் மாதாந்தக் கணக்கறிக்கை தயாராகும் நாளில் இருக்கும் தொகையே அந்நிறுவனங்களுக்கு அறிவிக்கப்படுகிறது என்பதால், இறுதித் தேதி வரை காத்திராமல், அறிக்கை வருவதற்குச் சில நாள்களுக்கு முன்பே சம்பளத்தில் ஒரு பகுதியைக் கட்டிவிடுவது மிகவும் பயன் தரும். முழுவதும் கட்ட முடியாத மாதத்தில் குறைந்தபட்சத் தொகையையாவது நாள் தவறாமல் கட்டுங்கள். பிந்திய தவணையின் பதிவு ஆறு ஆண்டுகள் வரை, அந்நிறுவனங்கள் வைத்திருக்கும் உங்கள் கடன் வரலாறான கிரெடிட் ரிப்போர்ட்டில் நிற்கக்கூடும்.

அடுத்து, அட்டையின் பின்புறத்தில் உள்ள எண்ணுக்கு அழையுங்கள். குறைத்ததற்கான காரணம் என்ன, எப்போது மீளாய்வு செய்வார்கள், நிலுவை புதிய வரம்பைத் தாண்டியிருந்தால் அதற்குக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் தயக்கம் இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பேசியவரின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால், வரம்பைத் திரும்ப உயர்த்தித் தருவதாகச் சொல்லி யாரேனும் தாமாகவே உங்களை அழைத்தால் அட்டை எண்ணைச் சொல்லாமல் தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

அன்றைக்கே பார்க்க வேண்டிய இன்னொன்று, அந்த அட்டையிலிருந்து மாதந்தோறும் தானாகக் கழியும் கொடுப்பனவுகள். தொலைபேசிக் கட்டணம் ஒரு மாதம் தவறினால் சமாளித்துவிடலாம். வாகனக் காப்புறுதியின் தவணை அட்டையில் வரம்பு போதாமல் திரும்பிப்போனால் காப்புறுதியே ரத்தாகும் நிலை வரலாம். அதை உடனே வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

நம்மவர்களுக்கென்றே சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. சீட்டுப் பணம் கட்டும் நாளும் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய நாளும் நெருங்கும்போது, மீதமுள்ள வரம்பைப் பண இயந்திரத்தில் காசாக எடுக்கத் தோன்றும். பொருள் வாங்கினால் கிடைக்கும் குறைந்தது 21 நாள் வட்டியில்லாத அவகாசம் காசுக்குக் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆண்டுக்கு 23 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 1,000 டொலருக்கு முப்பது நாளில் ஏறத்தாழ 19 டொலர் வட்டி, அதற்கு மேல் எடுப்பதற்கான கட்டணமும் உண்டு. அதைவிட, சீட்டு நடத்துபவரிடமும் ஊரிலுள்ளவர்களிடமும் இந்த மாதம் கொஞ்சம் பிந்தும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. உறவினரின் விமானச் சீட்டை உங்கள் அட்டையில் போட்டுக் கொடுப்பதையும் நிலுவை இறங்கும் வரை நிறுத்தி வையுங்கள்.

கோபத்தில் அட்டையை மூடிவிடாதீர்கள். மொத்த வரம்பு இன்னும் சுருங்கிவிடும். ஒரே வாரத்தில் நான்கு வங்கிகளில் புதிய அட்டைக்கு விண்ணப்பிப்பதும் வேண்டாம், ஒவ்வொரு விண்ணப்பத்தின் விசாரணையும் ரிப்போர்ட்டில் பதிவாகும். உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. இரு நிறுவனங்களிடமும் அதை இலவசமாகப் பெறலாம். நீங்கள் வாங்காத கடன் ஒன்று அதில் இருந்தால் எழுத்தில் திருத்தம் கேளுங்கள்.

வரும் மாதங்களில் வாடகைக்கு வீடு தேடும் எண்ணம் இருந்தால் இவற்றை இன்னும் விரைவாகச் செய்யுங்கள். வீட்டுக்காரர்கள் பலர் கிரெடிட் ரிப்போர்ட்டைக் கேட்கிறார்கள். நிலுவை இறங்கியது அடுத்த கணக்கறிக்கைக்குப் பின்னரே அதில் தெரியும் என்பதால், விண்ணப்பத்தை ஒரு மாதம் தள்ளிப்போட முடியுமானால் தள்ளிப்போடுங்கள். முடியாவிட்டால் வேலைக் கடிதத்தையும் அண்மைய சம்பளச் சிட்டைகளையும் சேர்த்துக் கொடுத்து, வரம்பு குறைந்த விவரத்தை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.